தற்காலிக வீட்டில் கிட்டார்: எந்தச் சத்தத்துக்கு எங்கே கையை வைப்பது

வடசென்னையில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது, அங்கே இருந்த குடும்பங்கள் பக்கத்துத் தெருக்களில் ஒரு போர்ஷன் பார்த்து வாடகைக்குப் போகின்றன. நாங்களும் அப்படித்தான் தண்டையார்பேட்டையில் ஒற்றை அறையும் சமையல் மூலையும் உள்ள வீட்டில் இருக்கிறோம். திரும்பிப் போகும்வரை கிட்டாரைப் பரண்மேல் போட்டுவைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். விரல் விட்டுப்போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், நல்ல கேபிள் ஒன்று, ஹெட்போன் ஆம்ப் அல்லது குட்டி ஆம்ப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைப் போனோடோ லேப்டாப்போடோ இணைக்கும் பெட்டி), போன் அல்லது லேப்டாப், வயர் உள்ள ஹெட்போன். இவ்வளவும் ஒரு கிட்டார் பைக்குள்ளும் ஒரு காலேஜ் பைக்குள்ளும் அடங்கும். அகௌஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் குறைவு.

ஆனால் வீடு மாறியதும் கிட்டார் வேறு மாதிரி பேச ஆரம்பிக்கும். இரையும், ஷாக் அடிக்கும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி நிற்காது. உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பழைய வீட்டில் ஒழுங்காக இருந்த கிட்டார் புது வீட்டில் தொல்லை கொடுத்தால், பெரும்பாலும் கெட்டிருப்பது கிட்டார் இல்லை. வீட்டு வயரிங், கடல் காற்று, கூரைச் சூடு இந்த மூன்றில் ஒன்று. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்று சோதனைகள். கிட்டாரின் வால்யூம் திருகைச் சுத்தமாகக் குறையுங்கள். சத்தம் போய்விட்டால் அது பிக்கப் (கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) வழியாக வருகிறது. போகாவிட்டால் கேபிள், ஆம்ப், கரண்ட் பக்கம். அடுத்து கேபிளை மாற்றிப் பாருங்கள். கடைசியாக எல்லாவற்றையும் பேட்டரியில் ஓட்டுங்கள்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அல்லது பேட்டரியில் ஓடும் ஹெட்போன் ஆம்பை மாட்டி. பேட்டரியில் சத்தம் இல்லையென்றால் குற்றவாளி சுவருக்குள்ளோ சார்ஜருக்குள்ளோ இருக்கிறது. இந்த மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

உர்ர்ர் என்று ஒரே சுருதியில் இரைகிறது

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் வயரிங்கிலிருந்து வரும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலோ இருக்கும். கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டைப் பிடித்தால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதை மீட்டிவிட்டு இரைச்சலோடு ஒட்டிக் கேளுங்கள். இரைச்சல் அந்த ஜிக்குச் சற்றே மேலே நின்றால், அல்லது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே அதே மாதிரி நின்றால், சந்தேகமே வேண்டாம், கரண்டிலிருந்துதான் வருகிறது. காதுக்குப் பழகிவிட்டால் டியூனர்கூட வேண்டாம்.

வால்யூமைக் குறைத்ததும் இரைச்சல் போகிறதா? அப்படியானால் பிக்கப் அதை அறைக்குள்ளிருந்து பிடிக்கிறது. சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செம்புக் கம்பி. கம்பியின் அதிர்வைப் பிடிப்பது போலவே மீட்டர் போர்டு, ஃபிரிட்ஜ், சோக் வைத்த டியூப்லைட், சார்ஜர் ஆகியவற்றின் காந்தப் புலத்தையும் பிடிக்கும். ஒற்றை அறை வீட்டில் இவை எல்லாம் நாலடிக்குள் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். பழைய வீட்டில் இரையாத கிட்டார் இங்கே இரைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நெருக்கம்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்தபடி மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்டூல் இனி அங்கேதான். எங்கள் வீட்டில் அந்த இடம் பாத்ரூம் கதவுக்கு எதிரே வந்தது. பார்க்க அழகாக இல்லை, ஆனால் வாசிக்க நன்றாக இருக்கிறது.

அப்புறம் வீட்டில் ஓடுவதை ஒவ்வொன்றாக அணையுங்கள். முதலில் ஃபேன் ரெகுலேட்டர். வழவழவென்று திருகும் சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை நடுவில் வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதனால்தான் ஃபேன் மூன்றில் ஓடும்போது கொரகொரவென்று ஒரு சத்தம் சேர்ந்து வரும், ஐந்தில் வைத்தால் காணாமல் போகும். வாசிக்கும்போது ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். படிப்படியாகத் திருகும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டரில் இந்தத் தொல்லை கிடையாது. ஹவுஸ் ஓனர் சம்மதித்தால் எலெக்ட்ரீஷியனை வைத்து அதை மாட்டிக்கொள்ளலாம், காலி செய்யும்போது பழையதையே திருப்பி மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம். அடுத்தது மலிவான எல்இடி பல்பும் போன் சார்ஜரும். இவற்றை அணைத்துவைத்தால் கீச்சென்ற மேல்சத்தம் குறையும்.

மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டாரில் ஐந்து நிலை ஸ்விட்ச் இருக்கும். அதில் இரண்டாவது, நாலாவது நிலைகளை வைத்துப் பாருங்கள். பல கிட்டார்களில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் தலைகீழாக வைத்திருப்பார்கள். அதனால் இரண்டு பிக்கப் சேரும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஓசை மட்டும் கூடும். 1955இல் ஜிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் இதே கணக்கை ஒரே பிக்கப்புக்குள் வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் ஹம்பக்கர், பெயரே இரைச்சலை எதிர்ப்பது என்றுதான். நெருக்கமான வாடகை வீட்டில்தான் இன்னும் சில வருஷம் இருக்கப் போகிறோம் என்று தெரிந்து புதிதாக ஒரு கிட்டார் வாங்குகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, ஹம்பக்கர் உள்ளதை வாங்குங்கள்.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் பயப்பட வேண்டாம், அது சரியான நடத்தை. நம் உடம்பே ஒரு ஆண்டெனா. கம்பிகள் உள்ளே கிரவுண்டோடு இணைந்திருப்பதால் தொட்டதும் அது அடங்குகிறது. தொட்டால் கூடுகிறது என்றால் மட்டும் கவனிக்க வேண்டும். கம்பியைத் தொட்டால் கூடி, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் அடங்கினால், பிரிட்ஜிலிருந்து (உடம்பின் மேல் கம்பிகள் முடியும் கட்டை) வரும் கிரவுண்டு வயர் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதை சால்டர் வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

கம்பியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். உடனே ஆம்பை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்குங்கள்.

நடப்பது என்னவென்றால், கிட்டார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோக உடம்போடு இணைந்திருக்கின்றன. ஆம்பின் உடம்பு மூன்று முனை பிளக்கின் பெரிய முனை வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இருந்தால் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாகப் போகும். வெறும் காலில், மாப் போட்ட ஈரத்தரையில் நின்றால் இன்னும் பலமாக அடிக்கும்.

எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணன் பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். சிவப்பு வயர் ஒரு திருகில், கறுப்பு வயர் இன்னொரு திருகில். மேலே பெரிய துளைக்குரிய பித்தளைத் திருகு மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தது. வயர் பட்ட கீறல்கூட இல்லை. “எர்த்தே இழுக்கல தம்பி. மூணு ஓட்ட இருக்கு, மூணாவது சும்மா” என்றார். பழைய லைன் வீடுகளில் இது சாதாரணம். பச்சை வயர் இருந்தாலும் அது மீட்டருக்குப் பக்கத்திலேயே அறுந்திருக்கலாம். அதனால் மூன்று துளை இருக்கிறதே என்று நம்பக் கூடாது.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பல்பு எரிவது போலவே, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலும் எரியாவிட்டாலும் எர்த் கிடையாது என்று அர்த்தம். மெயினில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) இருந்தால் இந்தச் சோதனையில் அது விழுந்துவிடும். விழுந்தால் நல்ல செய்திதான், எர்த்தும் இருக்கிறது, ஆர்சிசிபியும் வேலை செய்கிறது. இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள்.

ஹவுஸ் ஓனரிடம் இதைக் கேட்கும் விதம் முக்கியம். “அக்கா, கிட்டார் வாசிச்சா ஷாக் அடிக்குது” என்றால், வாசிக்காமல் இருந்துவிடேன் என்பதுதான் பதிலாக வரும். “அக்கா, எர்த் இல்ல. ஃபிரிட்ஜு, வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் இதே லைன்லதான் ஓடுது, குழந்தைங்க தொடுறாங்க” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. கிட்டாரில் தெரிந்துபோன கோளாறு மொத்தக் கட்டடத்துக்கும் உரியது. எர்த் பைப் அடித்துப் பச்சை வயர் இழுப்பது பெரிய வேலை இல்லை.

அதுவரை என்ன செய்வது? பேட்டரி. சுவரில் மாட்டாத ஹெட்போன் ஆம்ப், சார்ஜர் இல்லாத லேப்டாப், போன். எர்த் முனையை வெட்டிய பிளக், மூன்று முனையை இரண்டாக்கும் அடாப்டர் ஆகியவற்றை எவ்வளவு பேர் சொன்னாலும் மாட்டாதீர்கள். அவற்றில் இரைச்சல் குறையலாம், ஆனால் ஆம்புக்குள் ஏதாவது கோளாறு வந்து 230 வோல்ட் உடம்புக்கு ஏறினால், அதைத் தடுக்க எதுவும் இருக்காது.

இன்னொன்று. சர்ச்சிலோ கானா கச்சேரியிலோ வாசிப்பதற்காக வீட்டிலேயே மைக் வைத்துப் பாடிப் பழகுகிறவர்களுக்கு உதட்டில் அடிக்கும். கிட்டார் ஆம்ப் ஒரு பாயிண்டிலும் மைக்கின் பெட்டி இன்னொரு பாயிண்டிலும் இருந்து, இரண்டில் ஒன்றுக்கு மட்டும் எர்த் இருந்தால் இப்படி ஆகும். எர்த் உள்ள ஒரே பாயிண்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து இரண்டையும் அதில் மாட்டுங்கள்.

லேப்டாப் சார்ஜர் மாட்டினால் மட்டும் கீய்ய்ங்

பிடுங்கிவிட்டு வாசியுங்கள். அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் சார்ஜ் போடுங்கள். லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போய், சார்ஜர் இல்லாமல் முடியாது என்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு போனில் வாசிக்கலாம்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பலமாக இரைந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்த அளவு இருக்காது. ஓனரின் இன்வெர்ட்டரை மாற்ற முடியாது. கரண்ட் வரும்வரை ஆம்ப் இல்லாமல் விரல் பயிற்சி செய்யுங்கள்.

பல பெடல்களுக்கு (ஓசையை மாற்ற காலால் அமுக்கும் எஃபெக்ட் பெட்டிகள்) ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாக வயர் எடுத்திருந்தாலும் இதே கீய்ய்ங் வரும். ஒவ்வொரு பெடலாகக் கழற்றினால் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் மாதிரியானவைதான். அதற்கு மட்டும் தனி அடாப்டர் கொடுங்கள். வாங்கும்போது 9 வோல்ட்தானா, நடுமுனை நெகட்டிவ்தானா என்று அடாப்டரின் மேல் போட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். ரவுட்டருக்கு வரும் அடாப்டரின் முனையும் பெடலுக்குள் சரியாக நுழையும், ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். மாட்டினால் பெடல் போய்விடும்.

மீட்டியது பிந்திக் கேட்கிறது

புளூடூத் ஹெட்போனா? அதைக் கழற்றி வையுங்கள். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்க ஆகாது. சாதாரண புளூடூத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் தாமதம் வரும். ஓசை காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பத்தடி தள்ளி இருக்கும் ஆம்பின் சத்தம் நம் காதுக்கு வர 9 மில்லிசெகண்ட் ஆகும். அது கைக்குத் தெரியாது. 100 மில்லிசெகண்ட் என்பது ஆம்பை நூறடிக்கும் மேல் தள்ளி வைத்து வாசிப்பதற்குச் சமம். தாளம் நிற்காது.

வயர் ஹெட்போனிலும் பிந்தினால் மென்பொருளில் பஃபர் அளவை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஓசைத் துணுக்குகளின் எண்ணிக்கையை, பாருங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 512 வைத்தால் ஒரு வழிக்கு மட்டும் 11.6 மில்லிசெகண்ட், 128 வைத்தால் 2.9. போகவும் வரவும் சேர்த்து இரட்டிப்பாகும், அதோடு இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும் நேரமும் உண்டு. 128இல் ஆரம்பித்து, படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் அசியோ டிரைவரைப் போட வேண்டும், விண்டோஸின் சொந்த டிரைவரில் விட்டால் எவ்வளவு திருகினாலும் பிந்தும். அதோடு, பல இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் கிட்டார் ஓசை கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். எஃபெக்ட் இல்லாமல் வெறும் ஓசைதான் வரும், ஆனால் தாமதம் இருக்காது.

போன் இன்டர்ஃபேஸையே பார்க்கவில்லை என்றால், சில ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிஜியை (போனில் வேறு கருவிகளை மாட்டும் வசதி) செட்டிங்ஸில் போய் ஆன் செய்ய வேண்டும், கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்தும் போகும். சார்ஜுக்கு மட்டும் வரும் யூஎஸ்பி கேபிளும் ஒரு காரணம். அதற்குள் டேட்டா வயரே இருக்காது.

கரகர, விட்டுவிட்டு வருகிறது

கேபிளை அசைத்தால் கரகரத்தால் கேபிள் அல்லது ஜாக். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், திருகுக்கு அடியில் உள்ள ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர்) என்ற பாகத்துக்குள் தூசி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஜாக் முதலில். வீடு மாற்றும்போது லொடலொடத்துப்போன நட்டை விரலால் திருகி இறுக்கினால், உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றி, வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். தகட்டைக் கழற்றி, உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஸ்பேனரால் இறுக்குங்கள். வயர் ஏற்கெனவே விட்டிருந்தால் 25 வாட் சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம், பத்து நிமிஷம். ஜாக்கில் இரண்டே இடம்தான்: நடுவில் உள்ள வளையத்தோடு சேர்ந்த காது கிரவுண்டு, நீளமாக வளைந்து வந்து பிளக்கின் நுனியைத் தொடும் தகட்டின் காது சிக்னல். ஜாக், பாட், ஸ்விட்ச் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம், வண்டி மாற வேண்டியதில்லை.

பாட் கரகரப்புக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள். பாட்டின் பக்கவாட்டில் உள்ள சின்ன இடைவெளியில் ஒரே ஒரு பீய்ச்சு, பிறகு இருபது முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகத் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் சாதாரண ஸ்பிரேவை அடிக்காதீர்கள், அதன் எண்ணெய் தங்கித் தூசியை இன்னும் சேர்க்கும்.

பிக்கப் வைத்த அகௌஸ்டிக்கில் ஓசை உடைந்து, மெலிந்து கேட்டால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. பல கிட்டார்களில் கேபிளைச் செருகுவதுதான் ஸ்விட்ச். வாசித்து முடித்தபின் கேபிளைச் செருகியபடியே விட்டால் ராத்திரி முழுக்கப் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்.

கம்பி கறுத்து, சொரசொரவென்று ஆகிறது

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு பார்த்தவர்களுக்கு இது நிச்சயம் வரும். கடல் காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துக் கம்பிமேல் உட்காரவைக்கும். உள்ளங்கை வியர்வையிலும் உப்பு. எஃகுக் கம்பிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். மேல்சுருதிக்கு உள்ள மெல்லிய இரண்டு கம்பிகளும் (எலெக்ட்ரிக்கில் பெரும்பாலும் மூன்று) சுற்று இல்லாத வெறும் எஃகு என்பதால் அவைதான் முதலில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். விரலை வைத்து இழுத்தால் சரசரவென்று பிடிக்கும். சுற்றுக் கம்பிகள் துருப்பிடிக்காவிட்டாலும் இடுக்கில் அழுக்கு ஏறி மந்தமாகிவிடும். அதற்கப்புறம் சுருதியும் ஒழுங்காகச் சேராது.

செய்ய வேண்டியது மூன்று. வாசிக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், மீன் கழுவிய கையோ எண்ணெய்க் கையோ வேண்டாம். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் கிள்ளிப் பிடித்துத் துடையுங்கள். கம்பிக்கு அடிப்பக்கம்தான் முக்கியம், அங்கேதான் ஈரம் தங்குகிறது. பிறகு பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். பைக்குள் இரண்டு மூன்று சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறும் வகை கிடைக்கிறது. மாறியதும் வெறும் கடாயில் மெல்லிய தீயில் சூடாக்கினால் பழைய நிறம் வந்துவிடும். அந்தக் கடாயில் அதற்கப்புறம் சமைக்கக் கூடாது.

பூச்சு போட்ட கம்பி விலை அதிகம், ஆனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது கணக்குப் பார்த்தால் லாபம். அடிக்கடி மாற்றும் சாதாரண செட்களின் விலையைக் கூட்டிப் பாருங்கள். ஃபிரெட்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும்.

கம்பி உயர்ந்துவிட்டது, அல்லது ஃபிரெட்டில் பட்டு ஜிர்ர் என்கிறது

கிட்டார் கம்பெனிகள் சொல்லும் ஈரப்பதம் சுமார் 45 முதல் 55 சதவீதம். சென்னைக் காற்று பெரும்பாலான நாட்களில் அதற்கு மேலேதான். அகௌஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை ஈரம் குடித்தால் உப்பி, பிரிட்ஜைத் தூக்கிவிடும், கம்பி உயரும், விரல் வலிக்கும். ஏசி அறையிலிருந்து வந்த கிட்டாரில் இது சீக்கிரம் தெரியும். புது வீட்டுக்கு வந்த உடனே நெக்கைத் திருகாமல், பைக்குள் சிலிகா ஜெல்லோடு ஒரு வாரம் இருக்க விடுங்கள். பாதி நேரம் தானாகவே இறங்கிவிடும்.

இறங்காவிட்டால் அளந்து பாருங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு தடுக்காமல் நுழைய வேண்டும். அதைவிட நிறைய இருந்தால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் ஜிர்ர் என்றால் கால் சுற்று தளர்த்த வேண்டும். அளவு சரியான எல் சாவி இல்லாமல் தொடாதீர்கள். சாவி முறுக்கினாலும் நகரவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஷீட் கூரை வீடு என்றால் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மே மாதம் மத்தியானம் ஷீட்டுக்கு அடியில் பரண் அடுப்பாகிவிடும். பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், கம்பிகளோ பிரிட்ஜை இழுத்துக்கொண்டே இருக்கும். பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். நுழைந்தால் அது கிளம்ப ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஆரம்பத்தில் ஒட்டுவது சுலபம், மேற்பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்தபின் சுலபமில்லை. கிட்டாருக்கு நல்ல இடம் கட்டிலுக்கு அடியோ, வெயில் படாத உள்சுவரோ. மழைக்காலத்தில் மட்டும் கட்டிலுக்கு மேலே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆம்பும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அக்டோபர் வந்தால் தரையில் இருக்கவே கூடாது.

சுருதி நிற்கவில்லை

புதுக் கம்பி என்றால் இழுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து மெல்லத் தூக்கி, திரும்ப சுருதி சேர்த்து, இறங்காத வரைக்கும் செய்யுங்கள். பழைய கம்பி என்றால், சுருதி சேர்க்கும் சாவியைத் திருகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறதா கேளுங்கள். வந்தால் கம்பி, தலைப் பக்கம் கம்பிகள் உட்காரும் ‘நட்’ என்ற சின்னப் பட்டையின் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. பென்சில் முனையை அந்தப் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள், கரி வழுக்கிவிடும். எப்போதும் சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சேருங்கள்; தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பக்கத்துப் போர்ஷன்காரர் சுவரைத் தட்டுகிறார்

நாலரை இஞ்ச் செங்கல் சுவர் மேல்சத்தத்தை ஓரளவு தடுக்கும், கீழ்ச்சத்தத்தைத் தடுக்காது. அவர்களுக்குக் கேட்பது உங்கள் சோலோ இல்லை, தும் தும் என்ற பேஸ்தான். குட்டி ஆம்பைத் தரையில் வைத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி, மூலையில் தள்ளியிருந்தால் அந்த பேஸ் இன்னும் பெருகும். மூலையிலிருந்து வெளியே எடுங்கள். நாற்காலிமேல் மடித்த ஜமக்காளம் போட்டு, அதன்மேல் ஆம்பை வைத்து, முகத்தை உங்கள் காதுப் பக்கம் திருப்புங்கள். பேஸ் திருகைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். காதுக்கு நேராக வந்தால் பாதி வால்யூமே போதும் என்று தெரியும்.

ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஹெட்போன்தான். ஹார்பரிலும் கம்பெனிகளிலும் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறைய இருக்கும் பகுதி இது. சில வீடுகளில் காலை பத்து மணிதான் அவர்களுக்கு நடுராத்திரி. அதனால் குடிவந்த வாரத்திலேயே பக்கத்து வீட்டு அண்ணியிடம், “அண்ணி, அண்ணன் எப்போ தூங்குவாரு? நான் அந்த நேரத்துல வாசிக்காம பாத்துக்கிறேன்” என்று கேட்டுவிடுங்கள். அகௌஸ்டிக்கில் சத்தம் குறைக்க, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைச் செருகுங்கள். சுருதி மாறாது, நீளும் ஓசை மட்டும் அடங்கும். விரல் பயிற்சிக்கு அது போதும்.

மறுபடி வீடு மாறுகிறோம்

ஒவ்வொரு கம்பியையும் இரண்டு சுரம் இறக்குங்கள், முழுசாகத் தளர்த்த வேண்டாம். கழுத்துக்கு அடியில், தலைப் பக்கம் மடித்த துண்டு ஒன்று வையுங்கள். கிட்டார் சாய்ந்து விழுந்தால் உடைவது அங்கேதான். டாடா ஏஸில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகி அனுப்பாதீர்கள், யாராவது மடியில் வைத்துக்கொண்டு வரட்டும். புது வீட்டில் சாமான் இறக்கியதும், பிளக் பாயிண்டில் எதையும் மாட்டும் முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, அப்போது கேட்டால் ஓனர் மறுக்க மாட்டார்.